ஆங்கிலத்தில் துக்கம் விசாரித்தல்

செல்வநாயகத்திற்கு ஆங்கிலம் தெரியும் என்பதில் குளத்துத் திட்டத்துக் குடியேற்றவாசிகள் எவருக்கும் ஐயமில்லை. அவனுக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது. ஒட்டுசுட்டானில் ஹமீட் காக்காவின் தேத்தண்ணிக் கடை வானொலிதான் அவன் கல்லூரி. நேயர்கள் ஆங்கிலப் பாட்டுக் கேட்டு எழுதும் வாழ்த்துகளை அதில் வாசிப்பார்கள். 'மெரி கிறிஸ்மஸ்', 'வித் லவ் ஃப்ரம் மம்மி அண்ட் டடி' எல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒருமுறை அவனுடைய தபாலட்டையும் வாசிக்கப்பட்டது. அந்தப் புகழில்தான் நீர்ப்பாசனக் கந்தோரில் தற்காலிகக் கிளாக்கர் வேலை கிடைத்தது. தை பிறந்ததும் 'இவன் ஆங்கிலம் போதும்' என்று எஞ்சினியர் துரை எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் மண்வெட்டி.

1961 நத்தார்ப் பண்டிகைக்குக் கொழும்பு போன துரை, தாயை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினார். அவர் வீட்டிலும் ஆங்கிலமே பேசும் பறங்கியர், தமிழ் தெரியாது. விவசாயச் சங்கத் தலைவர் ஐயாத்துரை செல்வநாயகத்தைக் கந்தோர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஊர் சார்பில இங்கிலீசில துக்கம் விசாரிக்காட்டில் மரியாதை இல்லை. நீதான் போகவேணும்."

"எனக்குத் தடிமன், அண்ணை."

"தடிமன் இங்கிலீசுக்கு நல்லது. அவையும் மூக்காலதானே கதைக்கிறவை."

அன்று பின்னேரம் வானொலியில் ஒரேயொரு துக்கச் சொல்லுக்காகக் காத்திருந்தான். முழுக்க வாழ்த்துத்தான்.

"காக்கா, செத்தவைக்கு ஒருத்தரும் பாட்டுக் கேக்கமாட்டினமோ?"

"மையத்துக்குப் பாட்டோ தம்பி? தேத்தண்ணியைக் குடியும்."

மறுநாள் துரையின் பங்களாவுக்கு நடக்கையில், இல்லாத சொற்களைவிட இருக்கிற சொற்களே அவனைப் பயமுறுத்தின. 'மம்மி' என்று கேட்டாலே 'மெனி ஹப்பி ரிட்டேர்ன்ஸ்' என்று சொல்லப் பழகிய நாக்கு அது. இந்த நன்னாள் இன்னும் பலமுறை வரட்டும் என்று பொருள். வழியிலேயே இரண்டு தரம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஐயாத்துரையும் நாலு பேரும் வேலிக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே துரை கதிரையைக் காட்டினார். செல்வநாயகத்தின் உடம்பு தானாகவே செத்த வீட்டுக்குரியதைச் செய்தது: துரையின் கையைப் பிடித்தது, கதிரையில் இருந்தது, நிலத்தைப் பார்த்தது. துரை ஏதோ கேட்டார். இவன் நிலத்தையே பார்த்தான். துரை கதைக்கத் தொடங்கினார். அரை மணித்தியாலம். 'மம்மி' வந்த இடமெல்லாம் இவன் பல்லைக் கடித்துத் தலை குனிந்தான். துரை கண்ணைத் துடைத்தார்.

செத்த வீட்டில் 'போயிட்டு வாறன்' என்று சொல்லும் வழக்கமில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட்டான். வேலிப் படலையடியில்தான் உறைத்தது, துரைக்கு அந்த வழக்கம் தெரியாதே என்று. திரும்பிப் போய் விளக்கவும் ஆங்கிலம் வேண்டும்.

"சத்தமே கேக்கேல்லையே?" என்றார் ஐயாத்துரை.

"உயர்ந்த இங்கிலீசு மெதுவாத்தான் கதைக்கிறது."

ஒரு கிழமை சோறு இறங்கவில்லை. துரை கந்தோரில் தலை நிமிர்ந்தாலே இவன் அலுமாரிக்குப் பின்னால் போனான். ஒருநாள் ஐயாத்துரை சைக்கிளில் வந்து இறங்கினார்.

"பெரிய கிளாக்கர் சொன்னவர், துரை எழுதிப்போட்டாராம். உன்ர இங்கிலீசு திறமாம். கொழும்பில வந்தவையெல்லாம் தங்கட கதையைத்தான் கதைச்சவையாம்; நீ ஒருத்தன்தான் ஒரு சொல்லும் விடாமல் கேட்டனியாம்."

செல்வநாயகத்துக்கு ஒரு கிழமைக்குப் பிறகு பசித்தது.

"இன்னொண்டு. இனி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பங்களாவுக்கு வரட்டாம். இந்தக் காட்டில துரைக்குக் கதைக்க ஆளில்லையாம்."

"ஆர் கதைக்கிறது, அவரோ நானோ?"

"அவர் தன்ர கதையைச் சொல்லி முடிச்சிட்டாராம். இனி உன்ர கதையைக் கேக்கப் போறாராம்."

அன்று புதன்கிழமை.