மரியாதைக்குச் சொன்ன வேண்டாம்

தில்லைநாதனுக்கு ஊர் வேலை என்றால் உயிர். ஓல்டன் நகரத்தில் ஒரு பொருட்கிடங்கில் காலை வேலையை முடித்து, ரயிலும் பஸ்ஸும் மாறி ஹின்டர்மாட் என்ற சின்ன ஊரில் வந்து இறங்குகிற மனுசன் நேரே வீட்டுக்குப் போகவேண்டியதுதானே? போகமாட்டார். பஸ் தரிப்பிடத்து வாங்கு ஆடுகிறதா என்று ஒருதரம் குந்திப் பார்ப்பார். நாய்க்கழிவுப் பை வைக்கிற பெட்டியைத் திறந்து, பை இருக்கிறதா என்று பார்ப்பார். அவரிடம் நாயே கிடையாது. தேவாலயத்துக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் இலை அடைத்திருந்தால் சட்டைக் கையை மடித்துவிட்டு அள்ளத் தொடங்கிவிடுவார். எரியாத தெருவிளக்கு கண்ணில் பட்டால் கைபேசியில் படம் பிடித்து ஊர்ச்சபைக்கு அனுப்பி வைப்பார்.

அனுப்பினால் பதிலும் வரும். கவனிக்கிறோம், நன்றி என்று ஒற்றை வரி. அதை அவர் மனைவி செல்வராணிக்கு வாசித்துக் காட்டுவதைப் பார்த்தால் ஏதோ ஜனாதிபதியே கைப்பட எழுதியது என்று நினைப்பீர்கள். வீட்டில் ஒரு பல்ப் மாற்றச் சொன்னால் இந்த மனுசனுக்குக் கிழமைக் கணக்கில் நேரம் வராது, தெருவில் பல்ப் போனால் மட்டும் நித்திரை வராது என்பாள் அவள். அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

இந்த நிலையில்தான் ஊர்ச்சபையில் ஓர் இடம் காலியானது. கெமைன்டே என்று ஊரே சொல்லும் அந்தச் சபையில் ஐந்து பேர். எல்லாரும் பகலில் தங்கள் தொழிலைப் பார்த்துவிட்டு, பின்னேரங்களில் ஊரைப் பார்ப்பவர்கள். அதில் ஒருவர் மகளோடு இருக்கலாம் என்று லோசானுக்குப் போய்விட்டார். அந்தக் கதிரைக்கு ஆள் தேடி ஒரு வருசமாகிறது. கிடைக்கிற காசு பெட்ரோலுக்கும் காணாது, கேட்கிற ஏச்சோ ஏராளம், யார் வருவார்கள்? இந்த இலையுதிர்காலக் கூட்டத்திலும் ஆள் கிடைக்காவிட்டால், பள்ளத்தாக்கில் இருக்கும் பெரிய ஊரோடு ஹின்டர்மாட்டைச் சேர்த்துவிடுவது பற்றிப் பேசவேண்டிவரும் என்று ஊர்ச்சபைத் தலைவி ஃபிராவ் வீஸ், நம் பேச்சில் திருமதி வீஸ், வீட்டுக்கு வீடு கடிதம் போட்டிருந்தார்.

தில்லைநாதனுக்கு அந்தக் கதிரை வேண்டும். எப்படி வேண்டும் என்று கேட்டால், சின்னப்பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வேண்டும் என்கிற மாதிரி வேண்டும். இந்த நாட்டுக்கு அகதியாக வந்த நாளிலிருந்து அவர் மேசைகளுக்கு முன்னால்தான் நின்றிருக்கிறார். தஞ்சம் கேட்டு ஒரு மேசை, அனுமதி அட்டைக்கு ஒரு மேசை, வீட்டுக்கு ஒரு மேசை, போன வருசம் பிரஜாவுரிமைக்கு ஒரு மேசை. எல்லா மேசையிலும் அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள், இவர் சொன்னார். சிலர் நல்லவர்கள், தேத்தண்ணீர்கூடத் தந்தார்கள். ஆனாலும் ஒருமுறையாவது மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்து, ஒருவர் வந்து சொல்லும் குறையைக் கேட்டு, அதைச் செய்து முடிக்கவேண்டும் என்ற ஆசை அவருக்குள் வருசக்கணக்காக இருந்தது. அதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை.

எப்படிச் சொல்வது? பதவியை நாமாகக் கேட்பதா? எம்மன்புரூக்கேப் பக்கத்தில் அவர்கள் போகும் கோயிலில் தில்லைநாதன் திருவிழாப் பொறுப்பாளராக வந்த கதையைக் கேளுங்கள். நண்பர் மகேஸ்வரன் கூட்டத்தில் எழும்பி அவர் பெயரைச் சொன்னார். ஐயோ வேண்டாம், என்னைவிடத் தகுதியான ஆட்கள் எத்தனை பேர் என்றார் இவர். சும்மா இருங்கோ, நீங்கள்தான் என்றது சபை. நேரமில்லை என்றார். நேரம் வரும் என்றார்கள். கடைசியில் இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன்வரிசையில் இருத்தினார்கள். இவரும் என்ன செய்வது, எல்லாரும் வற்புறுத்துகிறீர்கள் என்று ஏற்றுக்கொண்டார். அதுதான் முறை. முதல் அழைப்பிலேயே ஓம் என்றால் ஆசை பிடித்தவன் என்று பெயர் வந்துவிடாதா?

கூட்டத்தன்று அவர் முடி வெட்டி, நீலச் சட்டையைத் தானே அயன் பண்ணியதைப் பார்த்ததும் செல்வராணிக்கு விளங்கிவிட்டது. தலைவிக்கு ஒரு போன் போட்டு, நான் நிற்கிறேன் என்று சொன்னால் என்ன என்று கேட்டாள். தானாகப் போய்க் கேட்கிற பழக்கம் தன் பரம்பரையிலேயே இல்லை என்றார் தில்லைநாதன். அவள் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவள், வீண் பேச்சுக்கு அடுப்பைவிட்டு வருகிற ஆள் இல்லை. அவளே அன்று சால்வையைப் போர்த்துக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் கூட்டம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே ஒரு நீண்ட மேசை, அதில் சபைக்காரர்கள், நடுவில் ஃபிராவ் வீஸ். பால்பண்ணைக்காரி, பேச்சில் தண்ணீர் கலக்கத் தெரியாதவர். மயானத்துப் புல்லை இனி யார் வெட்டுவது, பள்ளிக்கூடப் பஸ் எங்கே நிற்பது என்பவையெல்லாம் சுருக்காக முடிந்தன. தில்லைநாதன் ஒவ்வொன்றுக்கும் கையை நேராக நீட்டி வாக்களித்தார். பிறகு காலியான இடம் வந்தது.

யாராவது முன்வருகிறீர்களா என்று ஃபிராவ் வீஸ் கேட்டார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று தங்கள் சப்பாத்து மிகவும் பிடித்துப்போனது. எல்லாரும் குனிந்து அதையே பார்த்தார்கள். அப்போது பக்கத்து வீட்டு ஃபிராவ் பூர்கி, கோழி வளர்க்கிற மனுசி, எழும்பினார். இந்த ஊரைத் தினமும் சுற்றிப் பார்க்கிறவர் திரு. தில்லைநாதன், அவரைக் கேட்டால் என்ன என்றார்.

இவ்வளவு ஒழுங்காக, மகேஸ்வரன் எழும்பின மாதிரியே ஒருவர் எழும்பிச் சொல்வார் என்று தில்லைநாதன் கனவிலும் நினைக்கவில்லை. முகம் நிறையச் சிரிப்போடு எழும்பினார். வேண்டாம், மிக்க நன்றி, இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், என்னுடைய டொச்சும் அவ்வளவு திறமில்லை என்று, பிழையே இல்லாத டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார். இருந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுத்த வற்புறுத்தலுக்குக் காத்திருந்தார்.

"வருத்தம்தான்," என்றார் ஃபிராவ் வீஸ். "ஆனால் உங்கள் முடிவை மதிக்கிறோம்."

பக்கத்தில் இருந்த எழுதுநர் அதை எழுதிக்கொண்டார். வேறு யாரும் இல்லையா? இல்லை. அப்படியென்றால் அடுத்த விஷயம், பெரிய ஊரோடு சேர்வது என்றார் தலைவி. அதற்கு முன் கொஞ்சம் இடைவேளை, ஜன்னலைத் திறவுங்கள் என்றார். அவ்வளவுதான்.

தில்லைநாதனுக்கு என்ன நடந்தது என்று விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. இன்னும் ஒருவரும் இழுக்கவில்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஆட்கள் வந்தார்கள்தான். வந்த ஒவ்வொருவரும் அவர் தோளில் தட்டி, நல்ல முடிவு, நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். ஃபிராவ் பூர்கி வந்து, கேட்காமல் பெயரைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்திவிட்டேன், மன்னியுங்கள் என்றார். அந்த நல்ல மனுசியின் முகத்தைப் பார்க்கப் பார்க்க இவருக்கு அழுகை வந்தது. பரவாயில்லை என்றார். வேறென்ன சொல்வது?

வெளியே மழை தூறியது. பெரிய ஊரோடு சேர்ந்தால் தபாலில்கூட நம் ஊர்ப் பெயர் இருக்காது என்று ஒரு கிழவர் ஜன்னலோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னுடைய மரியாதையால் ஒரு ஊரே இல்லாமல் போகப்போகிறதே என்று நினைத்தார் தில்லைநாதன். செல்வராணியின் பக்கம் குனிந்தார்.

"இஞ்சேரும், நீர் ஒருக்கா எழும்பிச் சொல்லுமன். அவர் சும்மா மரியாதைக்குச் சொன்னவர், இன்னொருக்காக் கேளுங்கோ எண்டு."

"நான் ஏன் சொல்லவேணும்? ஆசை உங்களுக்கு. எனக்கில்லை."

"எல்லாருக்கும் முன்னால நானே எழும்பி எனக்கு வேணும் எண்டு கேக்கிறதோ? என்ன நினைப்பினம்?"

"என்ன நினைப்பினம்? இவருக்கு விருப்பம் எண்டு நினைப்பினம். உண்மைதானே." அவள் சால்வையைச் சரிசெய்தாள். "இஞ்ச ஒருத்தரும் கையைப் பிடிச்சு இழுக்கமாட்டினம். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான் இவையளுக்கு. இத்தனை வருசமா வீட்டில எனக்குக் காட்டின வாய்ப் பெலத்தை இப்ப அவைக்குக் காட்டுங்கோ. இல்லாட்டி இனி விளக்குக் கதையோட என்னட்ட வரக்கூடாது."

அந்தக் கடைசி வசனம்தான் அவரை உலுப்பியது. ஊர்க் கதை பேச இந்த உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே ஆள் அவள்.

இடைவேளை முடிந்தது. ஃபிராவ் வீஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சேர்வது பற்றிய அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். தில்லைநாதன் கையை உயர்த்தினார். தலைவி கவனிக்கவில்லை. இன்னும் உயர்த்தினார். பிறகு, உயர்த்திய கை உயர்த்தியபடியே இருக்க, எழும்பியும் விட்டார். வாசிப்பு நின்றது. அத்தனை முகமும் திரும்பியது. தஞ்சம் கேட்டு நின்ற நாளில்கூட வாய் திறப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அன்று கேட்டது உயிருக்காக, அதற்கு வெட்கம் தேவைப்படவில்லை. இன்று கேட்பது ஆசைக்காக.

"நான் முதலில் வேண்டாம் என்றது உண்மையில்லை," என்றார். "எங்களில் அப்படித்தான். கேட்டவுடன் ஓம் என்பது மரியாதை இல்லை. மற்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும். நீங்கள் கேட்கவில்லை. பிழை உங்களிலும் இல்லை." மூச்சை இழுத்தார். "எனக்கு அந்த இடம் வேண்டும். மிகவும் விருப்பம். கனகாலமாக விருப்பம்."

ஃபிராவ் வீஸ் கண்ணாடியைக் கழற்றி எழுதுநரைப் பார்த்தார். எழுதுநர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முடிந்த விஷயம் முடிந்ததுதான், ஆனால் யாராவது ஒருவர் பிரேரித்து, கூட்டம் ஒத்துக்கொண்டால் திரும்பிப் போகலாம் என்றார். அவர் வாயை மூடுவதற்குள் ஃபிராவ் பூர்கி எழும்பிவிட்டார். நான் பிரேரிக்கிறேன் என்றார், கோழி களவுபோனதைக் கண்ட குரலில். சிரிப்பு கிளம்பியது. கைகள் உயர்ந்தன. திரும்பிப் போனார்கள்.

வேறு யாரும் போட்டி இல்லை. தில்லைநாதனைத் தெரிவு செய்ய விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் தலைவி. தில்லைநாதன் குனிந்துகொண்டார், பார்க்கத் தைரியம் வரவில்லை. செல்வராணி அவர் விலாவில் இடித்தாள். நிமிர்ந்து பார்த்தால் மண்டபம் முழுக்கக் கை. ஜன்னலோரக் கிழவர் இரண்டு கையையும் உயர்த்தி வைத்திருந்தார், எண்ணுகிறவர் வந்து ஒன்றைக் கீழே இறக்கிவிட்டுப் போனார். விருப்பம் இல்லை என்ற செல்வராணியின் கையும் மேலேதான் இருந்தது. தில்லைநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோசத்தில் அழுகிற முகத்தை மறைக்கிற வழி அவருக்குத் தெரியவில்லை, மறைக்கவும் இல்லை.

இந்த நாட்டில் தெரிவானவரிடம் இன்னொரு கேள்வி கேட்பது வழக்கம். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டு, அவர் பதிலைச் சொன்ன பிறகுதான் தெரிவு செல்லும். ஃபிராவ் வீஸ் எழும்பி நின்றார். "திரு. தில்லைநாதன், இந்தத் தெரிவை நீங்கள் ஏற்று..."

"ஓம்," என்றார் அவர், தமிழிலேயே. கேள்வி முடியவில்லை. மண்டபம் வெடித்துச் சிரித்தது. பால்பண்ணைக்காரி முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பார்த்து, முடியாமல் தானும் சிரித்தார். எழுதுநர், இதை எப்படி எழுதுவது என்று கேட்டார். அப்படியே எழுதுங்கள் என்றார் தலைவி.

அவருக்குக் கொடுத்தது ஒருவரும் எடுக்க விரும்பாத பொறுப்பு: மயானம், தண்ணீர்த் தொட்டிகள், விளக்குகள், நாய்க்கழிவுப் பைகள். எழுதுநர் மன்னிப்புக் கேட்கிற தொனியில்தான் அதை வாசித்தார். தில்லைநாதனோ பட்டாபிஷேகம் நடக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று கேட்டார்.

கூட்டம் கலைந்தபோது செல்வராணி வாசலில் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். தில்லைநாதன் அவளை நோக்கி வர, ஜன்னலோரக் கிழவர் குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்தார். வாழ்த்துச் சொல்லப்போகிறார் என்றுதான் தில்லைநாதன் நினைத்தார். கிழவர் வாழ்த்தவில்லை. மயானத்துக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதில்லை, என் மனைவியின் பூக்களுக்கு வீட்டிலிருந்து வாளியில் சுமக்கிறேன், போன வருசமே சொன்னேன், இந்தச் சபை என்னதான் செய்கிறது என்று பொரிந்து தள்ளினார். பதிலுக்கு இடம் விடவே இல்லை. தில்லைநாதன் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்து முதலில் அவரை இருத்தினார். தானும் எதிரில் ஒரு கதிரையில் இருந்தார். எந்தக் குழாய், வாசல் பக்கமா, மதில் பக்கமா என்று ஆறுதலாகக் கேட்டார்.

"இஞ்சேருங்கோ, மழை கூடுது. வாறியளோ இல்லையோ?" என்று செல்வராணி கூப்பிட்டாள்.

"கொஞ்சம் பொறும்," என்றார் அவர், திரும்பாமலே. "ஒருத்தர் என்னோட கதைக்க வந்திருக்கிறார்."