இரண்டு அடித்தால் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் வாசலில் வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஹார்னை ஸ்பேனரால் தட்டிக்கொண்டிருந்தார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டட்டும். நாள் முழுக்கத் தட்டினாலும் அது வாய் திறக்காது. அதன் வாயை முந்தின நாள் சாயங்காலம் அடைத்ததே நான்தான்.

பதினோரு வருஷமாக இந்த மனிதர் வாசலில் நின்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு ஹார்ன் அடித்தால் நான் போய்க் கேட்டைத் திறக்க வேண்டும். இரண்டு அடித்தால் கூடவே ஒரு சொம்பு தண்ணீர். மூன்று என்றால் கிளம்பி வந்து வண்டியில் ஏற வேண்டும். யாரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை, அதுவாகவே படிந்துவிட்டது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும், தலையில் ஷாம்பு நுரை இருக்கும், போனில் அக்கா அழுதுகொண்டிருப்பாள். எதுவானாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டும். ஓடியும் இருக்கிறேன், அதுதான் ஆத்திரம். கேட்டின் தாழ்ப்பாள் வெளியிலிருந்து கையை விட்டாலே எட்டும். அவருக்குக் கை ஒன்றும் குட்டை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, "உங்க ஹார்ன் வந்துடுச்சு, ஓடுங்க ஓடுங்க" என்று சிரிப்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைப்பேன்.

இதெல்லாம் பழகிப்போனதுதான். சனிக்கிழமை மதியம் நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள் அறையிலிருந்து "பாம் பாம்" என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால், எட்டு வயது மகள் கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். என்னடி என்றேன். "ரெண்டு அடிச்சேன்ல? தண்ணி" என்றாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. விளையாட்டாகச் சொன்ன மாதிரியும் இல்லை, தண்ணீர் கேட்க அதுதான் வழி என்பதுபோல் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஓங்கிய கையை எப்படியோ இறக்கினேன். இவளை அடித்து என்ன ஆகப்போகிறது? இவள் கண்டதைத்தானே செய்கிறாள்.

நான் வேலை பார்ப்பது வண்டிகளுக்கு வயர் கட்டித் தரும் இடத்தில். ஒரு ஷிப்டுக்கு நானூறு வயர் முனைக்குக் கிளிப் போடுகிற கை இது. ஹார்னுக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை உருவ அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் உருவிய முனையை அப்படியே தொங்கவிட மனசு வரவில்லை. வண்டியின் இரும்பில் பட்டால் ஃபியூஸ் போய்விடும். அதனால் கறுப்பு டேப்பைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சுருக்கமில்லாமல் சுற்றி, நுனியை மடித்து ஒட்டி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் செருகிவைத்தேன். கெட்ட காரியத்தைக்கூட ஒழுங்காகச் செய்து தொலைக்கிற பழக்கம்.

ஞாயிறு காலை கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவர், கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடி பொத்தானை அமுக்கினார். அமுக்கினார், அமுக்கினார், அமுக்கிக்கொண்டே இருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிடவேண்டுமே! நான் கரண்டியும் கையுமாக உள்ளேயே நின்றேன். கடைசியில் கையை விட்டு அவரே தாழ்ப்பாளை நீக்கினார். எட்டியது.

அதற்குப் பிறகுதான் இந்த ஆராய்ச்சி. இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தார், எரிந்தது. பேட்டரியில் கோளாறில்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார், அதுவும் நன்றாக இருந்தது. பொத்தானைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பிறகுதான் ஸ்பேனர் தட்டல். எதுவும் பலிக்காமல் மெக்கானிக்குக்குப் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"போன வாரம்தானேய்யா சர்வீஸுக்கு விட்டேன்? ஹார்ன் செத்துக் கிடக்கு. கண்ணை மூடிக்கிட்டா வேலை பாக்குறீங்க?"

"கோபப்படாதீங்க சார். ஹார்ன் பின்னாடி ரெண்டு வயர் வரும். ரெண்டும் மாட்டியிருக்கா, கையை விட்டுப் பாருங்க."

அவர் கையை விட்டுத் துழாவினார். "ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணை... இங்க டேப் சுத்திச் சொருகி வச்சிருக்கு. உங்க ஆளு வேலைதானே இது?"

"டேப் எப்படிச் சுத்தியிருக்கு சார்?"

"எப்படின்னா? வரிவரியா, சுருக்கமே இல்லாம."

"அப்போ சத்தியமா எங்க கடை இல்ல சார். எங்க ஆளுங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

அவர் போனை வைத்துவிட்டு டேப்பையே பார்த்தார். எங்கள் வீட்டில் சார்ஜர் வயர், அயர்ன் பாக்ஸ் வயர், மிக்ஸி வயர் எல்லாவற்றிலும் இருப்பது இதே சுற்றுதான். மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் ஒளியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நீயா?"

"ஆமா."

"உனக்கு மூளை கீளை கெட்டுப்போச்சா? காலையில ஒரு சைக்கிள்காரன் குறுக்க வந்துட்டான். நானும் அமுக்குறேன், சத்தமே வரல. நூலிழையில தப்பிச்சான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

சுருக்கென்று தைத்தது. கேட்டை நினைத்தேனே தவிர ரோட்டை நினைக்கவில்லை. பாவி, நான் அதை யோசித்திருக்க வேண்டும். ஆனால் அவர் சொன்னது நியாயமாக இருந்ததே எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"அது தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா குறுக்க வர்றவங்களை விலக்கத்தான் ஹார்ன். எனக்குப் பேர் இருக்கு. அதைக் கடைசியா எப்போ சொன்னீங்க?"

"இதுக்கா இவ்வளவும்? வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"வாயைத் திறக்கிறதைப் பத்தி நீங்க பேசாதீங்க!"

என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் குனிந்து பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன்.

அவர் வயரை நீட்டி, "மாட்டு" என்றார். நான் டேப்பைப் பிரித்தேன். தளர்ந்திருந்த கிளிப்பைக் குறட்டால் லேசாக நெரித்து இறுக்கி, இருந்த இடத்தில் செருகினேன்.

"அந்த சைக்கிள்காரருக்காக மாட்டுறேன். உங்களுக்காக இல்ல. இனிமே இந்தச் சத்தத்துக்கு நான் வர மாட்டேன்."

"பாக்கலாம்" என்றார். தோற்றுப்போவது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. சாவியைத் திருப்பினார். நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன். என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே, நிதானமாக இரண்டு முறை அமுக்கினார்.

ஹார்ன் முன்னைவிடக் கணீரென்று அடித்தது. என் குதிகால் தானாகத் தரையை விட்டு எழும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கீழே ஊன்றினேன்.

உள்ளே கலர் பென்சில் டப்பா தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. பிறகு தடதடவென்று காலடிச் சத்தம். மகள் ஓடிவந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்த சொம்பிலிருந்து தண்ணீர் தளும்பிக் கவுனெல்லாம் நனைந்திருந்தது. வண்டிக்கு முன்னால் வந்து நின்று, மூச்சு வாங்கியபடி சொம்பை அவர் முகத்துக்கு நேராக உயர்த்தினாள்.

"அம்மா வெளியில இருக்காங்கன்னு நானே எடுத்துட்டு வந்தேன். லேட்டாயிடுச்சாப்பா?"

அவர் கட்டைவிரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது. கை வலித்ததோ என்னவோ, அவள் சொம்பை ஒருமுறை மார்போடு அணைத்து, மறுபடியும் உயர்த்திப் பிடித்தாள்.