தராசுக்குத் தெரியாத வாளிகள்

மதியச் சாப்பாடு முடிந்து மாணவர்கள் தட்டுகளைக் கழுவுமிடத்தில் கொண்டுவந்து வைக்கும் நேரம் வந்தால், விடுதிச் சமையலறையில் மாஸ்டருக்கு முகமே மாறிவிடும். அதுவரை சிரிப்பும் கிண்டலுமாக இருக்கிற மனிதர், தட்டில் மிச்சம் கிடக்கும் சோற்றைப் பார்த்ததும் கடுகடுவென்று ஆகிவிடுவார். பாதி ஆயுளை அடுப்படியில் கழித்தவர். ஒருவன் தட்டை வழித்துச் சாப்பிட்டால் இவருக்கு வயிறு நிறைந்துவிடும். மிச்சம் வைத்தாலோ, தன் கையையே குறை சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண், சரியாக அந்த இடத்தில்தான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். முகக்கவசம், கையுறை, ஒரு மின்தராசு. மிச்சம் கொட்டப்படும் ஒவ்வொரு வாளியையும் தூக்கித் தராசில் வைப்பாள். எடையைக் கைபேசியில் தட்டிக்கொள்வாள். ஏதோ ஆராய்ச்சியாம், விடுதிக் காப்பாளர் அனுமதி கொடுத்திருக்கிறாராம். அதற்கு மேல் சமையலறைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே அவளுக்குத் 'தராசு மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வந்த அன்று, ஒரு வாளியைத் தராசில் வைத்துவிட்டு அவள் தனக்குள் முணுமுணுத்தாள்.

"அம்மாடி, இவ்வளவா!"

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எண்ணெய் காயும் சத்தத்தை வைத்தே சூடு பார்க்கிறவருக்குக் காது கேட்காமல் போகுமா? மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. 'என் சமையலோட லட்சணத்தை எடை போட்டு மேலிடத்துக்கு எழுதப் போறா' என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

மறுநாள் காலை, பாத்திரம் கழுவும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அக்கா, இனிமே எல்லா வாளியும் அந்தப் பொண்ணுகிட்டப் போக வேணாம். பாதியைப் பின்வாசல் வழியா நேரா குழியில கொட்டிடுங்க."

"அது தப்பில்லையா மாஸ்டர்? பாவம், அந்தப் பொண்ணு மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு."

"வீட்டுக்கு யாராவது வந்தா அழுக்குத் துணியை உள்ள தள்ளிட்டு உக்காரச் சொல்றோமா இல்லையா? அது மாதிரிதான் இது."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் வாளியைத் தூக்கினாள்.

அந்தக் குழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சமையலறைக்குப் பின்னால், பணியாளர் வீடுகளுக்கு முன்னால், வாயைத் திறந்துகொண்டு கிடந்தது அது. மிஞ்சிய சாப்பாடு, காய்கறித் தோல், அழுகின பழம் எல்லாம் அதற்குள்தான். லாரி நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. குழிக்கு நேர் எதிரில் இருந்தது மாஸ்டரின் வீடு. அவர் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவள். தையல் மெஷினை ஜன்னல் ஓரமாகத்தான் போட்டிருந்தாள். ஆனால் நாற்றத்துக்கும் ஈக்கும் பயந்து ஜன்னலைத் திறந்ததே கிடையாது. பட்டப்பகலில் பல்பைப் போட்டுக்கொண்டு, வியர்க்க வியர்க்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் சோறு போடுறீங்க. எனக்கு ஒரு ஜன்னலைத் திறந்து விட முடியலையே," என்பாள். மாஸ்டர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

நாளாக ஆக, தராசில் எடை இறங்கியது. தராசு மேடம் ஒருநாள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"மாஸ்டர், மிச்சம் நல்லாக் குறைஞ்சிருக்கு. ஆனா குழியில நாத்தம் மட்டும் குறையவே இல்லையே?"

"அது பழைய நாத்தம் மேடம்," என்றார் மாஸ்டர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். கழுவுமிடத்தில் அக்காவுக்குப் புரையேறியது.

கணக்கெடுப்பு முடிந்து, காப்பாளர் சமையலறை ஆட்களை எல்லாம் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொன்னார். மாஸ்டர் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். தராசு மேடம் முகக்கவசம் இல்லாமல் முன்னால் நின்றாள். முழு முகத்தை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். சின்னப் பெண்.

"முதல்ல மாஸ்டருக்கு ஒரு கைதட்டு. நான் பார்த்த விடுதிகள்லயே ரொம்பக் குறைவா வீணாகிறது இங்கதான்," என்றாள். கூடமே தட்டியது. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் தொடர்ந்தாள். "எங்க ஆராய்ச்சியே, சாப்பாட்டுக் கழிவை வெச்சு எரிவாயு தயாரிக்கிறதுதான். கழிவைக் குழியில கொட்டாம மூடின தொட்டிக்குள்ள விட்டா, அதுல வர்ற வாயுவுல அடுப்பு எரியும். மீதிக் கரைசல் செடிக்கு உரம். குழியே தேவைப்படாது, மூடிடலாம். ஒரு இடத்துல கட்டறதுக்குத்தான் இப்ப அனுமதி கிடைச்சிருக்கு. இங்க கட்டணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா உங்க கழிவு அதுக்குப் பத்தாது. அதனால வேற விடுதிக்குக் கொடுக்கறதா இருக்கோம்."

கைதட்டின கைகள் சும்மா மடியில் கிடந்தன. அக்கா திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் தரையைப் பார்த்தார்.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. மனைவி மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"உங்களுக்குக் கைதட்டு, எனக்குக் குழியா? நல்ல பங்குதான்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் அவரை வதைத்தது. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, மாஸ்டர் தட்டில் மிச்சம் வைத்தார்.

"என்னங்க ஆச்சு?" என்று அவள் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். அவர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நாளைக்குப் போய் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடுங்க," என்றாள் அவள். "திட்டினா வாங்கிக்கோங்க. நான் இத்தனை வருஷமா நாத்தத்தையே வாங்கிக்கிட்டு இருக்கேன்."

மறுநாள் காலையில் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கூடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே கண்ணாடிப் புட்டிகள் இருக்கும் என்று நினைத்துப் போனார். இருந்ததென்னவோ, அவர் சமையலறையில் எண்ணெய் வருமே, அதே மாதிரி நீல டிரம்கள். ஒன்றிலிருந்து ஒரு குழாய் வந்தது. குழாய் முனையில் நீல நிறத்தில் சின்னதாக ஒரு ஜுவாலை எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க மாஸ்டர்! இது என்னன்னு தெரியுதா? உங்க சோறுதான். எடை போட்டதுல கொஞ்சம் எடுத்துட்டு வந்து இதுக்குள்ள போட்டேன்."

மாஸ்டர் ஜுவாலைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். நல்ல சூடு. அடுப்பை அறிந்த கை அது, ஏமாறாது. 'இதைப் போயா குழியில கொட்டினேன்' என்று நினைத்துக்கொண்டே கையை எடுத்தார்.

"மேடம், நான் உங்களை ஏமாத்திட்டேன். வாளிகள்ல பாதி உங்க தராசுக்கே வரலை."

அவள் முகத்தில் ரத்தம் ஏறியது. "மாஸ்டர், எத்தனை நாள் வேலை தெரியுமா? உங்க விடுதியைப் பார்த்து மத்தவங்களும் கத்துக்கணும்னு எழுதி வெச்சிருக்கேன். அனுப்பியிருந்தா, ஒரு பொய்யை நம்பி எத்தனை பேர் திட்டம் போட்டிருப்பாங்க! ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"எச்சில் தட்டுக்குப் பக்கத்துல தராசை வெச்சா, சமைச்சவனுக்கு எப்படி இருக்கும் மேடம்? என்னை எடை போட வந்தீங்கன்னு நெனச்சேன்."

அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டாள்.

"காப்பாளர்கிட்டக் கேட்டேன், பேராசிரியர்கிட்டக் கேட்டேன். உங்ககிட்ட எதுக்குன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லை. அது என் தப்பு. இன்னொரு தடவை நிறுப்போம். இந்தத் தடவை நீங்களும் கூட உக்காருங்க."

அப்படியே நடந்தது. முக்காலி ஒன்று இரண்டானது. ஒரு வாளிகூடப் பின்வாசலைப் பார்க்கவில்லை. இந்த முறை சோறு தனி, காய் தனி, பழம் தனி என்று பிரித்து நிறுத்தாள். யார் எப்போது எவ்வளவு வாங்குகிறார்கள் என்று வரிசையில் நிற்கிற மாணவர்களையும் கவனித்தாள். கடைசியில் அவள் கண்டுபிடித்ததைக் கேட்டு மாஸ்டருக்கே ஆச்சரியம். ருசியில் ஒரு குறையும் இல்லை. வரிசை நீளமாக இருப்பதால், மறுபடி வந்து நிற்க முடியாது என்று பையன்கள் முதலிலேயே தட்டு நிறைய வாங்கிக்கொள்கிறார்கள். போடுகிற அகப்பையும் பெரிசு.

"அப்ப என் கை மேல பழி இல்லையா?" என்று மாஸ்டர் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"இல்லவே இல்லை மாஸ்டர். எல்லாம் அகப்பை மேலதான்."

அகப்பையைச் சின்னதாக மாற்றினார்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக ஒரு மேசை போட்டார்கள். மிச்சம் நிஜமாகவே குறைந்தது. மிஞ்சினதோடு, முதலில் கணக்கிலேயே வராத காய்கறித் தோலையும் சேர்த்தால் தொட்டிக்குப் போதும் என்று தெரிந்தது; அந்த அளவுக்குப் பொருந்துகிற தொட்டியாக விடுதிக்குப் பின்னால் கட்டினார்கள். மற்ற விடுதிக்கு அடுத்த அனுமதியில் கட்டுவதாக முடிவாயிற்று. குழியை மண்ணைப் போட்டு மூடினார்கள். அந்த வாயுவில் முதல் அடுப்பைப் பற்ற வைத்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினபோது வாசலிலேயே நின்றுவிட்டார். ஜன்னல் திறந்திருந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளை எண்ணெய் விட்டு அவளே தட்டித் திறந்திருக்கிறாள். வெயில் மெஷின் மேல் விழுந்திருந்தது. பல்பு அணைந்திருந்தது.

"கண்ணு தெரியுது," என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே.

கொஞ்ச நாள் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னோர் ஆள் வந்தார். சமையலறையில் தண்ணீர் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்கக் குழாயில் ஒரு மீட்டரை மாட்டினார். எதற்கு என்று எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் மாட்டினார். தராசு மேடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் போலிருக்கிறது.

அவர் மீட்டரை மாட்டிவிட்டு நிமிர்ந்ததுதான் தாமதம், வழக்கமாகக் குழாயை முழுக்கத் திருகித் தண்ணீரைக் கொட்ட விட்டுப் பாத்திரம் தேய்க்கிற அக்கா, குழாயை நூல் மாதிரி ஒழுக விட்டு, பயபக்தியோடு ஒரு கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"அக்கா! எப்பவும் எப்படித் திறப்பீங்களோ, அப்படியே திறங்க."

"நம்ம மானம் போயிடாதா மாஸ்டர்?"

"டாக்டர்கிட்டப் போய் எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா, மருந்து யாருக்கு எழுதுவாரு? இவங்க நமக்கு மார்க் போட வரலைக்கா, வழி தேட வந்திருக்காங்க. நாம உள்ளதைக் காட்டணும், அவங்க கண்டுபிடிச்சதை நம்மகிட்டயே திருப்பிக் கொண்டுவந்து சொல்லணும். அந்த ரெண்டும் நடந்தாத்தான் நமக்குப் பின்னால வர்றவங்களுக்குத் தண்ணியும் மிஞ்சும், காத்தும் மிஞ்சும்."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குழாயை முழுக்கத் திருகினாள். மீட்டர் விறுவிறுவென்று ஓடியது.