அரை லிட்டர் கைராசி

கைராசி என்று ஒருவனுக்குச் சும்மா பட்டம் கிடைத்துவிடாது. அந்த ஃபோம் ஃபேக்டரியில் பதினோரு வருஷமாகக் கலவை போடுகிறவன் அவன். அவன் கலக்கினால் ஃபோம் பொங்கி நிற்கும். அவன் லீவு போட்ட நாளில் வேறு எவன் கலக்கினாலும் பாதியிலேயே உட்கார்ந்துவிடும். முதலாளியே ஒரு தரம் தோளில் தட்டி, "உன் கையில அப்படி என்னய்யா வச்சிருக்கே?" என்று கேட்டார். பல்லைக் காட்டிவிட்டுப் போய்விட்டான். கையில் வைத்திருந்தது ஒரு பிளாஸ்டிக் குவளை. அதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

வேலை இதுதான். பெரிய டிரம்மில் பாலிமர் எண்ணெய் நாற்பது கிலோ விட வேண்டும். அதோடு தண்ணீர். கடைசியில் பழுப்பு மருந்தைக் கொட்டி, எட்டே விநாடி கலக்கி, ஆள் படுக்கிற அளவு மரப்பெட்டிக்குள் கவிழ்க்க வேண்டும். தண்ணீரும் மருந்தும் கலந்தால் மாமியார் மருமகள் மாதிரி, உடனே சண்டை. அந்தச் சண்டையில் காற்றும் கிளம்பும், சூடும் கிளம்பும். காற்று ஃபோமை மேலே தூக்கும். மூன்று நிமிஷத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டி எழுந்து நிற்கும். தண்ணீர் கூடினால் கட்டி லேசாகும். ஆனால் வயிற்றுக்குள் சூடு கூடும்.

ரொம்பக் கூடினால் என்ன ஆகும் என்பதை, முன்பு வேலை பார்த்த இடத்தில் அவன் கண்ணால் பார்த்திருந்தான். வெளியே வெள்ளை வெளேரென்று சாதுவாக நின்ற கட்டியை ஒருவன் சூடு ஆறுமுன் அறுத்தான். உள்ளே காற்று புகுந்தது, குப்பென்று பற்றிக்கொண்டது. அவ்வளவுதான். அறுத்தவனின் முகத்தை அவன் அப்புறம் நினைக்கப் பிரியப்பட்டதில்லை.

குவளைக் கதைக்கு வருகிறேன். இங்கே தண்ணீர்க் குழாயில் இருந்த பழைய மீட்டர் பொய் பேசும். இரண்டு லிட்டர் என்று முள் காட்டினால் டிரம்மில் விழுந்திருப்பது ஒன்றரைதான். வந்த முதல் மாசமே கைராசி கண்டுபிடித்துவிட்டான். யாரிடமாவது சொன்னானா? சொல்வானா! சொன்னால் மீட்டரை மாற்றிவிடுவார்கள், அப்புறம் அவன் யார்? எவனும் பார்க்காத நேரம் ஒரு குவளை, அதாவது அரை லிட்டர், தானே மொண்டு ஊற்றினான். லேப்பில் சரியாக வந்தது டிரம்மிலும் சரியாக வந்தது. ஊரெல்லாம் கைராசி என்றது.

அன்றைக்குக் காலையில் மெக்கானிக் புது மீட்டர் மாட்டியிருந்தான்.

"அண்ணே, இனிமே சொன்னா சொன்னபடி. சொட்டு பிசகாது."

"பழசு மாட்டுனப்பவும் இதே வாயாலதான் இதையே சொன்னே."

"அது நான் இல்லண்ணே, எனக்கு முன்ன இருந்தவரு."

"வாய் எல்லாம் ஒண்ணுதான் போ."

பத்து மணிக்கு லேப் மேடம் ஃபார்முலாத் தாளோடு இறங்கி வந்தாள். அவளுக்கு அரை கிராம் என்று பட்டம். தராசில் அரை கிராம் கூடினாலும் மொத்தத்தையும் குப்பையில் கொட்டுகிற பெண். ஆம்புலன்ஸ் படுக்கைக்காக இதுவரை யாரும் போடாத லேசில் ஒரு ஃபோம் போட அஞ்சு மாசமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். லேப்பில் கையகலக் கட்டிகளாக வந்துவிட்டது. முழுக் கட்டி அன்றைக்குத்தான் முதல் தடவை.

"தண்ணி ரெண்டரை லிட்டர். இதுதான் விளிம்பு. இதுக்கு மேல சொட்டு விழுந்தாலும் கீழ விழுந்துருவோம், புரியுதா?" என்றாள்.

"நீங்க போங்க மேடம். நான் என்ன இன்னைக்கா நேத்தா?" என்றான் கைராசி.

புது மீட்டர் இரண்டரை காட்டி நின்றது. மேடம் பெட்டிப் பக்கம் திரும்பினாள். கைராசி மீட்டரைப் பார்த்தான். பளபளவென்று இருந்தது. பளபளப்பதை எல்லாம் நம்பினால் உருப்பட்டாற்போலத்தான். குவளையை மொண்டு ஊற்றினான்.

கட்டி எழுந்தது. எழுந்தது என்றால் பெட்டி விளிம்பைத் தாண்டி, ஒரு சாண் மேலே போய், தலையில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. மேடம் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினாள். "லேப்ல வந்ததைவிட லேசா இருக்கே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கைராசியும் சிரித்தான், ஆனால் வாய் மட்டும்தான். அந்த உயரம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

நீளக் கம்பி போட்ட தெர்மாமீட்டரைக் கட்டியின் நடுவயிறு வரை செருகி, பெட்டிப் பலகையைக் கழற்றிவிட்டு, தள்ளுவண்டியில் ஆறவைக்கிற கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். கொட்டகைக்குக் காவல் அவன் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன். நேற்றைய கட்டிகள் நாற்பது அங்கே கையகல இடைவெளி விட்டு நின்றிருந்தன. கதவு ஒன்றே ஒன்று.

"வா மாப்பிள்ளே! என்ன, உன் புள்ள இவ்வளவு வளந்திருக்கான்? என் தங்கச்சி சோத்தை எல்லாம் இவனுக்குப் போட்டுட்டியா?"

"வாயைக் குறைச்சுட்டு முள்ளைப் பாரு. கால் மணிக்கு ஒரு தடவை எழுதணுமாம்."

"எழுதறேன். உன் எழுத்தைவிட என் எழுத்து தேவலாம்."

கைராசி திரும்பி வந்து டிரம்மைக் கழுவினான். அடுத்த கலவைக்கு எண்ணெய் விட்டான். மனசு ஒட்டவில்லை. பெட்டிக்கு மேலே நின்ற அந்த ஒரு சாண் கண்ணிலேயே நின்றது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் குவளையைக் குழாயடியில் வைத்தான். அந்தக் குவளை விளிம்பு வரை சரியாக அரை லிட்டர் பிடிக்கும். பதினோரு வருஷப் பழக்கம், அதில் பிசகு கிடையாது. திறந்தான். குவளை நிறைந்தபோது மூடினான்.

மீட்டர் அரை காட்டியது.

கொட்டிவிட்டு மறுபடி பிடித்தான். அரை. மூன்றாம் தடவையும் பிடித்தான். அப்போதும் அரைதான். மீட்டர் பொய் சொல்லவில்லை.

 விளிம்பு என்று அவள் சொன்ன இடத்துக்கு மேலே ஒரு முழு அரை லிட்டர். அது இப்போது கொட்டகையில், மச்சானுக்கு ரெண்டு அடி தள்ளி, கட்டியின் வயிற்றுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

ஓடினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் ஓடவில்லை. குவளையை எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். பிறகுதான் நடந்தான். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்: ஒன்றும் ஆகாது, கட்டி தானாக ஆறும், இத்தனை வருஷத்தில் எந்தக் கட்டி ஆறாமல் போயிருக்கிறது.

கொட்டகை வாசலிலேயே வாடை வந்தது. புது ஃபோமுக்கு ஒரு வாடை உண்டு, அது வேறு. இது துணியை இஸ்திரிப் பெட்டி தின்கிற வாடை.

மேடம் உள்ளே இருந்தாள். மச்சான் எழுதிய தாளைப் பிடித்திருந்தாள். நூற்று நாற்பது. நூற்றைம்பத்திரண்டு. நூற்று அறுபத்தொன்று. நூற்று அறுபத்தொன்பது.

"நூத்து அறுபதுக்கு மேல போக வழியே இல்ல," என்றாள். "கணக்கு மூணு தடவை போட்டேன். தெர்மாமீட்டர்தான் தப்பு. இல்லேன்னா உள்ள எங்கயோ கலவை சேராம நிக்குது. நடுவுல அறுத்துப் பாத்துடலாம். லேப்ல அப்படித்தான் பண்ணுவோம், அறுத்தா சீக்கிரம் ஆறவும் செய்யும்."

லேப் கட்டி உள்ளங்கை அகலம். அறுத்தால் ஆறத்தான் செய்யும். இது இடுப்பு உயரம். எப்போது காற்று நுழையும் என்று இது காத்துக்கொண்டிருந்தது. அவள் படித்ததில் தப்பில்லை. அவள் கணக்கில் அரை லிட்டர் இல்லை, அவ்வளவுதான்.

மச்சான் ஆள் நீள ரம்பத்தை எடுத்துத் தோளில் சாய்த்தான்.

"சாப்பிட்டு வந்து அறுக்கலாமே மேடம்," என்றான் கைராசி. 

"மணி பதினொண்ணே முக்கால். உனக்கு என்ன மாப்பிள்ளே அவ்வளவு பசி? வீட்டுல கஞ்சி ஊத்தலையா?"

"அறுக்க வேண்டாம்னு தோணுது."

"ஏன்?" என்றாள் மேடம். "காரணம் சொல்லுங்க."

 சொன்னால் பதினோரு வருஷப் பட்டம் இந்த நிமிஷமே போச்சு. வேலையும் போகும். கைராசியாம் கைராசி, குவளைத் திருடன் என்று குழந்தைகூடச் சிரிக்கும். சொல்லாவிட்டால்? அறுக்கிறவன் மச்சான். அவன் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். அவளிடம் போய் என்ன என்று சொல்வது?

"சும்மா... மனசுக்குச் சரியாப் படல."

"மனசுக்குப் படறதை எல்லாம் நான் தாள்ல எழுத முடியாதுங்க," என்றாள் அவள், கோபமில்லாமல். "அறுங்க."

மச்சான் காலை அகட்டி நின்று ரம்பத்தைக் கட்டியின் மேல் வைத்தான். ஒரு இழுப்பு. மேல்தோல் கிறீச்சென்று கிழிந்தது. வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. அதிலிருந்து நூல் மாதிரி ஆவி எழுந்தது.

"எடுடா ரம்பத்தை!" என்று கைராசி கத்தினான். பதினோரு வருஷத்தில் மச்சானை அவன் டா போட்டதில்லை. "எடு! உள்ள தண்ணி அதிகம். அரை லிட்டர் அதிகம். நான்தான் ஊத்துனேன்!"

மச்சான் ரம்பத்தைத் தூக்கிவிட்டான். தூக்கியபடியே நின்றான்.

"என்ன ஊத்துனீங்க?" என்றாள் மேடம்.

"தண்ணி. குவளையில. பழைய மீட்டர் குறைச்சுக் குடுக்கும், அதனால எப்பவும் ஊத்துவேன். இன்னைக்குப் புது மீட்டரை நம்பல. இப்பதான் அளந்து பாத்தேன். அது சரியாத்தான் குடுக்குது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். தாளில்லாமல் கணக்குப் போட்டாள். கண்ணைத் திறந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"நூத்து எண்பத்தஞ்சைத் தாண்டும். தானா பத்திக்கும். இப்ப முள் எங்க இருக்கு?"

"எழுபத்தாறு," என்றான் மச்சான். நூறை விட்டுவிட்டான்.

"அறுக்கக் கூடாது, குத்தக் கூடாது, கம்பியை உருவக் கூடாது. முழுசா வெளிய போகணும். இந்த நாப்பதும் பத்துனா கொட்டகையில யாரும் மிஞ்ச மாட்டோம்."

தள்ளுவண்டி கட்டிக்கு அடியிலேயே இருந்தது. அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த புண்ணியம். கைராசியும் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மேடம் முன்னால் ஓடி, வழியில் நின்ற நேற்றைய கட்டிகளைத் தோளால் தள்ளி ஒதுக்கினாள். சக்கரம் ஒன்று எப்போதும் போல இடது பக்கம் இழுத்தது. அதற்கு எண்ணெய் விடச் சொல்லி மச்சான் ஆறு மாசமாகக் கத்திக்கொண்டிருந்தான். கட்டியில் படும் உள்ளங்கையில் சூடு முதலில் வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு வெந்நீர்ச் செம்பு மாதிரி, பிறகு அவன் சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு தள்ளினான். வெளித்தோலே இப்படி என்றால் உள்ளே என்ன?

"தள்ளு மாப்பிள்ளே," என்றான் மச்சான் பல்லைக் கடித்து. "உன் புள்ளதானே, தள்ளு."

கதவு நிலையில் சக்கரம் முட்டி நின்றது. ரெண்டு விரல் உயர மேடு. கட்டி முன்னால் சாய்ந்தது, விழவில்லை. கிழிந்த கோட்டிலிருந்து இப்போது ஆவி வரவில்லை, புகை வந்தது. மஞ்சள் புகை. கைராசி கீழே உட்கார்ந்து வண்டியின் அடியைத் தோளால் தூக்கினான். ஒரே மூச்சு. சக்கரம் ஏறியது.

முற்றத்தின் நடுவில் விட்டுவிட்டு மூன்று பேரும் காற்று வருகிற பக்கமாக ஓடினார்கள். முப்பது அடி போய்த் திரும்பினார்கள். கட்டி சும்மா நின்றது. வெள்ளையாக, நல்ல பிள்ளையாக. மெக்கானிக் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஒண்ணும் ஆகலியே," என்றான்.

அவன் வாய் மூடுவதற்குள் கட்டியின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் தெரிந்தது. உள்ளேயிருந்து யாரோ பீடியால் சுடுகிற மாதிரி அது விரிந்தது. வட்டம் உள்ளே விழுந்தது. பிறகு சத்தமே இல்லாமல், ஆள் உயரத்துக்கு நெருப்பு எழுந்து நின்றது. பத்து நிமிஷத்தில் வண்டியின் இரும்புச் சட்டமும் கறுப்புத் தாரும்தான் மிச்சம்.

மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை வருஷம்?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மீட்டரை அன்னைக்கே மாத்தியிருப்பாங்க." அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து, தாளை மடித்து, ஆபீஸ் பக்கம் நடந்தாள். அங்கே என்ன எழுதுவாள் என்று கைராசிக்குத் தெரியும். எழுதட்டும் என்று இருந்தது.

 மச்சான் கொட்டகைக்குள் போனான். கைராசி பின்னாலேயே போனான். ரம்பம் கீழே கிடந்தது, அதன் பல்லில் துளி வெள்ளை ஃபோம் ஒட்டியிருந்தது. மச்சான் அதைத் தாண்டிப் போய், நேற்றைய கட்டிகளை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான்.

"இதுல எதுல எல்லாம் உன் குவளை இருக்கு?"

"எல்லாத்துலயும். ஆனா அது பழைய மீட்டர் மச்சான். அதுல ஊத்துனாத்தான் சரி. இதெல்லாம் ஆறிப்போச்சு, ஒண்ணும் ஆகாது."

"யார் சொல்றது? மீட்டரா, நீயா?"

 ஆயுசு முழுக்க மீட்டரை நம்பாமல் கைராசி கேட்ட கேள்வி அது.

மச்சான் வேறொரு தெர்மாமீட்டரை எடுத்து அவன் கையில் திணித்தான். "குத்து. நாப்பதையும் குத்து. நீயே படி, நான் எழுதறேன்."

முதல் கட்டியில் கம்பி இறங்கியது. இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது முப்பதில் நின்றது. அசையவில்லை. அசையாது என்று கைராசிக்கு நன்றாகத் தெரியும்.

"முப்பது," என்றான். ஆனாலும் கம்பியை உருவவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாரு," என்றான் மச்சான்.

பார்த்தான்.