செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட லாரிக்காரர்

மகளும் மருமகனும் படகுச் சவாரிக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நின்றபோது, கமலக்கண்ணன் மெல்ல நழுவி ஏரிக்கரைச் சாலைக்கு வந்தார். ஏற்காட்டுக்கு அவர் கடைசியாக வந்து இருபத்தேழு வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம், மலைச் சுரங்கத்திலிருந்து பாக்சைட் கல் ஏற்றிக்கொண்டு தினமும் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறங்கியவர்.

சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. உசேன் பாயின் டீக்கடை இருந்த இடத்தில் சாக்லேட் கடை. லாரிகள் நின்ற மைதானத்தில் சுற்றுலாக் கார்கள். அந்த நாட்களில் சட்டை, தலைமுடி, டீ கிளாஸ் என்று எதைத் தொட்டாலும் கையில் செம்புழுதி ஒட்டும். இப்போது சாலை சுத்தமாக இருந்தது. அது ஏனோ அவருக்குப் பிடிக்கவில்லை.

படகுத்துறை வாசலில் ஒரு பெண்மணி கொய்யாக்காய் நறுக்கி விற்றுக்கொண்டிருந்தார்.

“இனிப்பா இருக்குமாம்மா?”

“மாரமங்கலத்துக் காயுங்க. நொம்ப இனிப்புங்க.”

குரலைக் கேட்டதும் கமலக்கண்ணன் அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். சுரங்கத்தில் கல் ஏற்றிய பழனியம்மாள்!

“பழனியம்மா, நான் லாரி ஓட்டின கமலக்கண்ணனுங்க.”

பழனியம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஏறிட்டுப் பார்த்தார். “அவரு செத்துப் போயிட்டாருங்க.”

கமலக்கண்ணன் வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். முட்டியிலிருந்து கணுக்கால்வரை ஓடியது தழும்பு. மஞ்சக்குட்டைப் பக்கம் மழையில் லாரி கவிழ்ந்தபோது, நசுங்கிய கேபினுக்குள்ளிருந்து அவரை வெளியே இழுத்தவர் பழனியம்மாள்தான். தன் சேலையைக் கிழித்து அந்தக் காலில் கட்டுப்போட்டு, ஜீப்பில் சேலம்வரை அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வந்தார்.

“நாலாம் நாளே உசுரு போயிருச்சுன்னு சொன்னாங்களே!” பழனியம்மாள் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். “வருஷா வருஷம் சேர்வராயன் கோயில் நோம்பிக்கு உங்களுக்குன்னு ஒரு வெளக்கு ஏத்தறேனுங்க.”

“எட்டு மாசம் படுக்கைங்க. எந்திரிச்சு நடக்கறதுக்குள்ள சுரங்கத்த மூடிட்டாங்க. வந்து பாக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். வரல.”

“ஒரு கடுதாசி போட்டிருக்கலாமில்லீங்க?”

கமலக்கண்ணன் தலை குனிந்தார். பழனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கொய்யாவை நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி நீட்டினார்.

“தின்னுங்க. உசுரோட இருக்கறீங்களே, அது போதும்.”

அப்பாவைத் தேடி வந்த பிரியா, விஷயத்தைக் கேட்டதும் பழனியம்மாளின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். “எங்ககூட படகுல வாங்கம்மா.”

“ஐயோ, இருவது வருஷமா இங்கயே விக்கறேன் கண்ணு, ஒருநாளும் ஏறுனதில்ல.”

“அப்ப இன்னிக்கு ஏறுங்க.”

கூடையைப் பக்கத்துக் கடை ஜைனப்பிடம் ஒப்படைத்துவிட்டு, பழனியம்மாள் படகின் ஓரத்தை இறுகப் பற்றியபடி உட்கார்ந்தார். ஏரியின் நடுவே போனதும் பிடி தளர்ந்தது. கமலக்கண்ணன் பழைய ஆட்களை ஒவ்வொருவராக விசாரித்தார்.

“பெரியசாமி?”

“திருப்பூர்ல மகன் ஊட்டுல இருக்காருங்க.”

“வெள்ளையன்?”

“போன தை மாசம் போயிட்டாருங்க. கடைசிவரைக்கும் உங்க பேச்சுத்தான்.”

கமலக்கண்ணன் அடுத்த ஆளைப் பற்றிக் கேட்டார். படகுக்காரர் கரைப்பக்கம் திருப்பப் போனபோது பிரியா குரல் கொடுத்தாள்.

“அண்ணா, இன்னொரு சுத்து போங்க.”