தொட்டியில் எத்தனை லிட்டர்?

...இல்லை, இருக்காது, வேலை இல்லாத யாரோ கிளப்பிவிட்ட வம்பு இது, என்று கணக்கு டீச்சர் திரையை மேலே தள்ளினாள், மறுபடி கீழே இழுத்தாள், அந்த வரி அங்கேயேதான் இருந்தது, 'ஏழாவது கணக்கின் விடை தவறு, 480 வர வேண்டும், இத்தனை பேர் டவுன்லோட் செய்திருக்கிறீர்களே, ஒருவராவது போட்டுப் பார்த்தீர்களா?'... அதற்கு மேலே முழுக்க நன்றிதான், நன்றி, மிக்க நன்றி, ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றிக் கொடுத்த தெய்வமே நன்றி, அந்தத் 'தெய்வமே' போன வாரம் அவளே போட்டது, இரண்டு கை கூப்பும் படத்தோடு. நாளைக்கு வேறு ஒரு பயிற்சித்தாள் அகப்படுமா என்று பார்க்கத்தான் சாப்பிட்ட கை காய்வதற்குள் ஆசிரியர் அறைக் கணினியின் முன் உட்கார்ந்தாள், ஆசிரியர்களுக்கு எல்லாமே இலவசம் என்ற தளம், கேள்வியும் அவர்களே, விடைக்குறிப்பும் அவர்களே, பாராட்டு ஒட்டுப்படம்கூட அவர்களே, பக்கத்து மேசை அறிவியல் டீச்சர்தான் காட்டிக் கொடுத்தாள், "அக்கா, இனிமே ராத்திரி உக்காந்து கேள்வி எழுதாதீங்க, உலகமே இதுலதான் ஓடுது" என்று. உலகமே ஓடுகிறபோது தான் மட்டும் நடப்பானேன்? தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா யாராவது?

பார்த்திருக்க வேண்டும். பழைய கால அட்டவணையின் முதுகில் போட்டுப் பார்த்தாள், ஒரு தொட்டியில் 500 லிட்டர், இருபது சதவீதம் கூட்டினார்கள், அறுநூறு, பிறகு அப்போது இருந்ததில் இருபது சதவீதம் எடுத்தார்கள், அறுநூற்றில் இருபது சதவீதம் நூற்று இருபது, மீதி... பேனா நின்றுவிட்டது. நானூற்று எண்பது. இன்னொரு தடவை போட்டாள், கணக்கு என்ன, கெஞ்சினால் இறங்கி வருமா, நானூற்று எண்பதுதான். விடைக்குறிப்பில் ஐந்நூறு என்று தடித்த எழுத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அடிப்பாவி, என்று தன்னையே சொல்லிக்கொண்டாள், இது ஊரறிந்த பொறி அல்லவா, கூட்டினதும் இருபது குறைச்சதும் இருபது, அதனால் பழையபடி ஐந்நூறு என்று அவசரக்காரர்கள் விழுகிற குழி, இந்தக் குழியைக் காட்டி வருஷா வருஷம் வகுப்பில் அவளே கத்துவாளே, "ஏறும்போது இருந்த தண்ணி வேற, இறங்கும்போது இருக்கிற தண்ணி வேற, முழிச்சுக்கிட்டு போடுங்க" என்று... முழித்துக்கொண்டு இருந்தது யார்? அடுப்பில் குழம்பு, காதில் போன், இடது கையில் விடைக்குறிப்பு, வலது கையில் சிவப்புப் பேனா, கடைசி எண்ணை மட்டும் பார்த்துச் சரி, சரி, சரி. வகுப்பே ஐந்நூறு எழுதியிருந்தது, குறிப்பும் ஐந்நூறு என்றது, இரண்டும் பொருந்தினால் சந்தேகம் எங்கிருந்து வரும்? பொருந்தாதது ஒன்றே ஒன்றுதான்.

குருவி. ஐயோ, குருவி. கீச்சுக் குரலுக்காக வகுப்பு வைத்த பேர், அந்தக் குரலோடுதான் தாள் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு எழுந்து நின்றாள், "மிஸ், ரெண்டு வாட்டி போட்டுப் பாத்தேன், நானூத்தி எண்பதுதான் வருது மிஸ்"... டீச்சர் தாளைத் திரும்பப் பார்த்தாளா? பார்க்கவில்லை, கண் குறிப்பில் இருந்தது, வாய் தன் பாட்டுக்குப் பேசியது, "எல்லாருக்கும் ஐந்நூறு வருது, உனக்கு மட்டும் தனியா வருதா? உன் தொட்டியில ஓட்டையா?" வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரிப்பு வந்ததில் அவளுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது, மதியத்துக்குப் பிறகு அந்த வகுப்பைச் சிரிக்க வைப்பது சாமானியமா... குருவி உட்காரவில்லை, "இல்ல மிஸ், நீங்கதானே சொன்னீங்க, இறங்கும்போது இருக்கிற தண்ணி வேறன்னு" என்றாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. எதிர்த்துப் பேசுகிறவளுக்குக் கெட்டிக்காரர்கள் இருக்கிற முதல் பிரிவில் என்ன வேலை என்று இரண்டாம் பிரிவுக்கு மாற்றினாள், அம்மாவை வரச் சொன்னாள், அந்தத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து, "மன்னிச்சிருங்க டீச்சர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நான் வீட்டுல கண்டிக்கிறேன்" என்றாள். கண்டித்திருப்பாள். எதற்கு? பாடத்தைக் காதில் வாங்கினதற்கா? அந்த வகுப்பில் தன் பேச்சைக் கேட்ட ஒரே பிள்ளையை, ஒரே ஒரு பிள்ளையை... அறிவியல் டீச்சர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, முகம் வெளுத்துப்போச்சு, தண்ணி வேணுமா?" என்றாள், வேண்டாம் என்று தலையாட்டினாள், தண்ணீர் என்ற சொல்லே அப்போது தாங்கவில்லை.

சரி, ஆனது ஆகிவிட்டது, தலைமையாசிரியையிடம் சொல்லி மறுபடி முதல் பிரிவுக்கு மாற்றிவிடலாம், பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், யானைக்கும் அடி சறுக்கும்தானே... என்று மனசு சமாதானம் பேசிக்கொண்டிருக்கும்போதே கை மேசையில் கிடந்த கட்டின் மேல் போய் நின்றது. இரண்டாம் பிரிவுக்கு நேற்று வைத்த மறுதேர்வு, புதுத் தாள் தேடச் சோம்பல்பட்டு இதே தாளைத்தான் கொடுத்தாள், காலையில் திருத்தியும் முடித்துவிட்டாள், குருவிக்கு முழு மதிப்பெண், கண்டிப்பு வேலை செய்கிறது பார் என்று தன்னையே மெச்சிக்கொண்டு நட்சத்திர ஒட்டுப்படம் வேறு. முழு மதிப்பெண்ணா? அப்படியானால் ஏழாவதில்... கட்டைக் கலைத்தாள், தாள்கள் தரையில் சிதறின, குனிந்து எடுத்தாள். குண்டு குண்டான எழுத்து. 500, அடுத்த வரியில் 600, அடுத்த வரியில் 600இல் 20 சதவீதம் 120, அடுத்த வரியில் 600லிருந்து 120ஐக் கழி... ஒவ்வொரு படியும் அச்சு மாதிரி, ஒரு பிசிறு இல்லை. கடைசி வரியில், விடை: 500 லிட்டர். அழிப்பான் தேய்த்த இடத்தில் தாள் கொஞ்சம் நைந்திருந்தது. அதன் மேல் அவளுடைய சிவப்புச் சரி, பக்கத்தில் நட்சத்திரம், 'நல்ல முன்னேற்றம்!' என்று சிரிக்கிற நட்சத்திரம்.

மணி அடித்தது. கால்கள் தாமாகவே மாடிப்படி ஏறின, என்ன சொல்லப் போகிறாள், விடைக்குறிப்பு தப்பு என்றா, தளம் தப்பு என்றா, இலவசமாகக் கொடுத்தவன் தலையில் போட்டுவிட்டு நல்லவளாக நிற்பதா... இரண்டாம் பிரிவு எழுந்து நின்று வணக்கம் சொன்னது. கரும்பலகையில் தொட்டிக் கணக்கை எழுதினாள், அழுத்தியதில் சாக்குக்கட்டி இரண்டு தடவை உடைந்தது. "குருவி, இங்க வா. இதப் போட்டுக் காட்டு. உனக்கு எப்படி வருதோ அப்படி." குருவி வந்தாள், அறுநூறு எழுதினாள், நூற்று இருபது எழுதினாள், கழித்தல் கோடு போட்டாள், அதற்குக் கீழே சாக்குக்கட்டியை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "சொல்லும்மா, என்ன வருது?"

குருவி பலகையைப் பார்க்கவில்லை. திரும்பி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள், கண்ணை, வாயை, புருவத்தை, விடைக்குறிப்பை டீச்சர் எப்படிப் பார்ப்பாளோ அதே மாதிரி. பிறகு மெதுவாக, மிகவும் மரியாதையாக, "எது வேணும் மிஸ்?" என்று கேட்டாள்.