நாலாயிரம் துளையும் ஒரு விரலும்

முப்பத்தைந்து வருடம் குடிநீர் வாரியத்தில் கசிவு அடைத்து ஓய்வு பெற்றவன் நான். என் தலையைக் கண்டாலே ஓட்டைக் குழாய்கள் தாமாக வாயை மூடிக்கொள்ளும். ஓய்வு பெற்ற கையோடு, மனைவியுடன் ஏரிக்கரையில் பத்து நாள் தங்குவதற்காக ஒரு கித்தான் கூடாரம் தைத்து வாங்கினேன். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஓரமாக ஒரு யானையும் உட்காரலாம்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மழையில நான் உள்ள உக்காந்து பாத்துட்டுத்தான் கிளம்புவேன். என் மேல ஒரு சொட்டு விழுந்தாலும் நான் வரல. நீங்க போய்த் தவளையோட குடித்தனம் நடத்துங்க."

மொட்டை மாடியில் கூடாரத்தை நிறுத்தித் தண்ணீர் பீய்ச்சினேன். ஊசி போன துளையெல்லாம் ஒழுகியது. எண்ணினேன், நாலாயிரத்துச் சொச்சம். வேடிக்கை பார்த்த மச்சான், "மாமா, உள்ள நனையறதுக்கு வெளியவே நிக்கலாமே, காத்தாவது வரும்" என்றான்.

என் கை துறுதுறுத்தது. மெழுகு, பசை, குழாய்க்குச் சுற்றும் டேப் எல்லாவற்றையும் கடைபரப்பிய பிறகுதான் தைத்தவருக்கு போன் செய்தேன். மனிதர் பதறிவிட்டார். எதையும் அடைக்கக் கூடாதாம். சோப்பு பக்கத்திலேயே வரக் கூடாதாம். மூன்று முறை நனைத்துக் காயவைத்தால் போதும், பருத்தி நூல் தண்ணீரைக் குடித்து உப்பித் தன் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமாம். கடைசியாகச் சொன்னார்: "மழை பெய்யும்போது உள்பக்கம் விரல் மட்டும் வெச்சிடாதீங்க சார்."

கசிவைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்பது என் உத்தியோகத்திலேயே இல்லாத வேலை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் நனைத்தேன், காயவைத்தேன்.

நாலாம் நாள் பிற்பகல் வானம் பொத்துக்கொண்டது. இருவரும் உள்ளே போய் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே லட்சம் பேர் கைதட்டுகிற மாதிரி சத்தம். உள்ளே தேன் நிறத்தில் வெளிச்சம். துணிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் நிழல். நாலாயிரம் துளையில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் நான் மல்லுக்கட்டிய தண்ணீரே இன்று நூலுக்குள் புகுந்துகொண்டு எங்களுக்குக் காவல் நின்றது. எங்கே கசிகிறது என்று துழாவும் என் கை மடியில் சும்மா கிடந்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு இது முதல் தடவை.

மனைவி அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். "என்னங்க, இது வெறும் துணிதானா?" என்று விரலை நீட்டித் தொட்டுவிட்டாள். தைத்தவர் சொன்னதை அவளிடம் சொல்ல மறந்திருந்தேன்.

தொட்ட இடத்தில் ஒரு முத்து திரண்டு, நேராக என் வழுக்கையில் விழுந்தது. ஏரிக்கரை போயே போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் மேல விழலையே," என்றாள் மெதுவாக.

அடுத்த சொட்டு திரள்வதற்குள் அதே இடத்தில் விரலை வைத்து, துணியோடு கீழே வரை கோடு இழுத்தாள். சொட்டு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாகத் தரைவரைக்கும் நடந்தது. வாரியத்தில் ஒரு பொறியாளரும் எனக்கு இந்த வித்தையைக் காட்டியதில்லை.

"நல்லா காய்ஞ்சப்புறம் மடிங்க. ஈரத்தோட மடிச்சா பூசணம் புடிச்சிடும்," என்றாள். "ஏரிக்கரைக்கு எடுத்துட்டுப் போகணும்ல."